“நாம் ஆளும் கறுப்பர்களைப் போல”: விடுதலை பேசிய அமெரிக்காவும் அதன் அடிமைகளும்

1774 ஆகஸ்ட் 24. வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த தன் பண்ணை வீட்டிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன், நண்பர் பிரையன் ஃபேர்ஃபாக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் வரியை எதிர்த்துக் காலனிவாசிகள் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. பதிலுக்கு லண்டன் அந்தத் துறைமுகத்தையே மூடிவிட்டது. மன்னருக்கு மனுப்போட்டுப் பார்க்கலாம் என்பது ஃபேர்ஃபாக்ஸின் கட்சி. வாஷிங்டனுக்கோ பொறுமை போய்விட்டது. உரிமையை இப்போதே நிலைநாட்ட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் பணிந்து பழகி, “நாம் இவ்வளவு எதேச்சாதிகாரத்தோடு ஆளும் கறுப்பர்களைப் போல” நாமும் வாய் பேசாத, இழிந்த அடிமைகளாகிவிடுவோம் என்று எழுதினார்.

இதை எழுதிய நாளில் அவரிடம் நூறு பேருக்கு மேல் அடிமைகள் இருந்தார்கள். அப்பா இறந்தபோது, 11 வயதில், முதல் பத்துப் பேர் வாரிசுச் சொத்தாக அவருக்கு வந்தார்கள். அப்புறம் விலைக்கு வாங்கியவர்கள், மனைவி வழியில் வந்தவர்கள் என்று எண்ணிக்கை ஏறியது.

சுதந்திரம் பேசியவர்கள் அடிமை வைத்திருந்தார்கள் என்ற செய்தியை ‘ஊருக்கு உபதேசம்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது சுலபம். அன்றே அப்படித் தள்ளினார்கள். நீக்ரோக்களை விரட்டி வேலை வாங்குகிறவர்களிடமிருந்துதான் சுதந்திரத்துக்கான கூச்சல் பெரிதாகக் கேட்கிறதே, எப்படி என்று 1775இல் லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வாஷிங்டனின் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்தால் ஒன்று உறுத்தும். அவர் எதையும் மறைக்கவில்லை. ‘நாம் ஆளும்’ என்கிறார், ‘எதேச்சாதிகாரத்தோடு’ என்கிறார். அடிமைத்தனம் என்றால் என்ன என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காட்சி. அந்த நிலை தனக்கு வரக்கூடாது என்பதுதான் அவருடைய பயம். விடுதலை மீது அந்த மனிதர்களுக்கு இருந்த வெறி, அடிமைகளோடு வாழ்ந்ததை மீறி வந்ததல்ல, வாழ்ந்ததாலேயே வந்தது என்பதுதான் என் கட்சி.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 1775 மார்ச்சில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார். வர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் ஏராளமான அடிமைகள் இருக்கிறார்கள். எங்கெல்லாம் அப்படி இருக்கிறதோ அங்கெல்லாம் சுதந்திரமாக இருப்பவர்கள் தங்கள் சுதந்திரத்தைப் பற்றி மிகவும் கர்வமும் எச்சரிக்கையும் கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு அது வெறும் உரிமை அல்ல, ஓர் அந்தஸ்து என்று விளக்கினார். படிநிலைச் சமூகத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த மனநிலையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று பார்க்க ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். வர்ஜீனியாவில் 1619 ஜூலை கடைசியில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் சபை முதன்முறையாகக் கூடியது. அடுத்த மாதம் பாயின்ட் கம்ஃபர்ட்டில் கப்பலில் வந்து இறங்கிய இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்க ஜனநாயகமும் அமெரிக்க அடிமைத்தனமும் ஒரே ஊர்ப்பக்கம், ஒரே கோடையில் பிறந்தவை.

முதல் சில பத்தாண்டுகள் எல்லாம் குழப்பமாகத்தான் இருந்தது. புகையிலை வயல்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள் ஏழை ஆங்கிலேயர்கள். கப்பல் கூலிக்காக நான்கு முதல் ஏழு வருடம் வரை தங்களை எழுதிக்கொடுத்துவிட்டு வந்த ஒப்பந்த வேலையாட்கள். அவர்களோடு ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். சிலர் விடுதலை பெற்று நிலமும் வாங்கினார்கள். 1676இல் நத்தேனியல் பேகன் என்பவர் ஆளுநருக்கு எதிராகக் கலகம் செய்தபோது ஒப்பந்த வேலையாட்களும் ஆப்பிரிக்க அடிமைகளும் சேர்ந்தே ஆயுதம் எடுத்தார்கள். தலைநகரைக் கொளுத்தினார்கள். கடைசிவரை ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்த கூட்டத்தில் சுமார் 80 கறுப்பர்களும் 20 ஆங்கிலேய வேலையாட்களும் இருந்தார்கள். கலகத்துக்குப் பின்னால் உன்னதமான நோக்கம் எதுவும் கிடையாது. பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கும் ஆசைதான் அதன் தொடக்கம். ஆனால் கறுப்பு ஏழையும் வெள்ளை ஏழையும் ஒரே பக்கம் நின்றது நிலக்கிழார்களை உலுக்கியிருக்க வேண்டும்.

அப்புறம் சட்டங்கள் போன திசையைப் பாருங்கள். குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது என்று 1662லேயே வர்ஜீனியா எழுதிவைத்திருந்தது. ஆங்கிலேயச் சட்டத்தில் எல்லாமே தகப்பன் வழி. இங்கே மட்டும் தலைகீழ். ஆண்டான் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவன் சொத்துக் கணக்கிலேயே சேரும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். 1705இல் வந்த பெரிய அடிமைச் சட்டம் இன்னும் நுட்பமானது. ஒப்பந்தம் முடித்து வெளியேறும் வெள்ளை ஆணுக்குப் பத்து புஷல் மக்காச்சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும். அடிமையின் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது. அடிமைகள் வளர்த்துவந்த குதிரை, மாடு, பன்றிகளைப் பறித்து விற்று, அந்தப் பணத்தை அந்த வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஏழை என்று அங்கே கருதப்பட்டவர்கள் வெள்ளையர்கள்.

ஏழை வெள்ளையனுக்கு நிலப்பிரபுவோடு சமத்துவம் கிடைத்ததா என்றால், சொத்தில் இல்லை. ஆனால் இருவருக்கும் கீழே ஒரு தளம் போடப்பட்டுவிட்டது. அதற்குக் கீழே போக மாட்டோம் என்ற உத்தரவாதம் இருவருக்கும் பொது. அடுத்த எழுபது வருடத்தில் வர்ஜீனியாவின் கனவான்களால் ‘எல்லா மனிதரும் சமம்’ என்று துணிச்சலாகப் பேச முடிந்ததற்கு இது ஒரு காரணம். வயலில் குனிந்து வேலை செய்யும் பெரும் கூட்டம் அந்த ‘எல்லா’வில் வராது என்று கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் வர்ஜீனியாவில் பத்தில் நான்கு பேர் அடிமைகள். நாடு முழுவதும் 39 லட்சம் மக்களில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர்.

சரி, தெரியாமல் செய்தார்களா? ‘அந்தக் காலத்து மனிதர்கள், அந்தக் காலத்து எண்ணம்’ என்ற சமாதானம் அடிக்கடி கேட்கக் கிடைக்கிறது. அவர்கள் எழுதிய கடிதங்களே அதற்கு எதிர்சாட்சி. ‘சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு’ என்று 1775 மார்ச்சில் முழங்கியதாகச் சொல்லப்படும் பேட்ரிக் ஹென்றி, அதற்கு இரண்டு வருடம் முன்பு அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் பிளசன்ட்ஸுக்கு எழுதினார்: நானே விலைகொடுத்து வாங்கிய அடிமைகளுக்கு ஆண்டானாக இருக்கிறேன் என்றால் யாராவது நம்புவார்களா? அவர்கள் இல்லாமல் இங்கே வாழ்வதில் உள்ள அசௌகரியம் என்னை இழுத்துக்கொண்டு போகிறது; இதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நியாயப்படுத்தவும் முடியாது. அசௌகரியம்! மரணத்துக்குத் துணிந்தவர் அசௌகரியத்துக்குத் துணியவில்லை.

பின்னால் நான்காவது ஜனாதிபதியான ஜேம்ஸ் மாடிசனின் கதை இதைவிடச் சங்கடமானது. பிலடெல்பியாவில் அவரோடு இருந்த பில்லி என்ற அடிமையைத் திரும்ப வர்ஜீனியாவுக்குக் கூட்டிப்போக 1783இல் அவர் தயங்கினார். சுதந்திரப் பேச்சைக் கேட்டுக் கேட்டு பில்லியின் மனம் ‘கெட்டுப்போய்விட்டது’, மற்ற அடிமைகளோடு சேர்த்து வைக்க முடியாது என்று அப்பாவுக்கு எழுதினார். அதே கடிதத்தில், நாம் இவ்வளவு ரத்தம் சிந்தி விலைகொடுத்த, ஒவ்வொரு மனிதனின் உரிமை என்று நாமே பலமுறை பறைசாற்றிய விடுதலையை அவன் விரும்பினான் என்பதற்காக அவனைத் தூரதேசத்துக்கு விற்றுத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை என்கிறார். முடிவு? பென்சில்வேனியாச் சட்டம் அனுமதித்த கெடுவுக்கு அங்கேயே ஒப்பந்த வேலையாளாக விற்றார். பில்லி தரப்பு நியாயத்தை மாடிசனைவிடத் தெளிவாக ஒரு வக்கீல் எழுதியிருக்க முடியாது. எழுதிவிட்டு விற்பனையையும் முடித்தார்.

மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. 1776 கோடையில் பிலடெல்பியாவில் வாடகை அறையில் உட்கார்ந்து ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று அவர் எழுதியபோது பணிவிடைக்குக் கூட இருந்தவன் ராபர்ட் ஹெம்மிங்ஸ். வயது 14. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கும் ராபர்ட்டுக்கும் தகப்பன் ஒருவரே, ஜான் வேய்ல்ஸ். உறவுமுறையில் மைத்துனன், சட்டப்படி சொத்து. மாமனார் இறந்தபோது 135 அடிமைகளோடு சேர்ந்து வந்தவன். அந்தச் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் வரைவில் அடிமை வியாபாரத்தைச் சாடி ஒரு நீண்ட பத்தி இருந்தது. பழி முழுக்க மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தலையில். ஏதோ அவர் வந்து இவர்கள் கையில் திணித்துவிட்டுப் போனதுபோல. அந்தப் பத்தியையும் காலனிகளின் மாமன்றம் வெட்டிவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கொள்ளவில்லை, அடிமைகளைக் கப்பலில் ஏற்றிவந்து விற்ற வடக்குச் சகோதரர்களுக்கும் கொஞ்சம் உறுத்தியது என்று ஜெஃபர்சன் பிறகு குறித்துவைத்தார்.

வாழ்நாளில் அவரிடம் இருந்த அடிமைகள் 600 பேருக்கு மேல். உயிரோடிருந்தபோது சட்டப்படி விடுவித்தது ராபர்ட்டையும் அவன் தம்பி ஜேம்ஸையும் மட்டும்; உயிலில் ஐந்து பேர். 1820 ஏப்ரலில் ஓர் அரசியல்வாதிக்கு எழுதிய கடிதத்தில் அடிமைத்தனத்தைப் பற்றி, ஓநாயைக் காதைப் பிடித்து வைத்திருக்கிறோம், பிடித்திருக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் பயம் என்றார். நம் ஊரில் இதையே புலிவாலைப் பிடித்த கதை என்போம். கேட்க உருக்கமாக இருக்கும். இரண்டே மாதம் கழித்து, ஜூன் 30ஆம் தேதி, மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு வருடத்துக்கு ஒரு குழந்தை பெறும் பெண், பண்ணையின் சிறந்த ஆணைவிட லாபகரமானவள் என்று கணக்குச் சொல்கிறார். புலிவாலைப் பிடித்தவன் அதன் குட்டிகளை எண்ணி வட்டி போட்டுக்கொண்டிருந்தான்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 1782இல் வர்ஜீனியா தனிமனிதர்கள் தங்கள் அடிமைகளை விடுவிக்க அனுமதி கொடுத்தது. அதே மாநிலத்தில் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் நிலக்கிழார் 1791இல் ஒரே பத்திரத்தில் 450 பேருக்கு மேல் விடுவிக்க ஏற்பாடு செய்தார். ஜெஃபர்சனைவிடக் குறைந்தவர் அல்ல, பணத்திலோ குடும்பப் பெருமையிலோ. எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர் 1814இல் ஜெஃபர்சனுக்கு எழுதி, நீங்கள் தலைமை ஏற்று இதற்கு வழி சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் வேலை, நீயும் உன் அடிமைகளை விட்டுவிடாதே என்று பதில் வந்தது. கோல்ஸ் கேட்கவில்லை. 1819இல் அவர்களைக் கூட்டிக்கொண்டு இல்லினாய்க்குப் போய் விடுதலை கொடுத்து நிலமும் கொடுத்தார். பின்பு அந்த மாநிலத்துக்கே ஆளுநரானார். ஜெஃபர்சன் 1826 ஜூலை 4ஆம் தேதி, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டு இறந்தார். ஆறு மாதத்தில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலத்தில் நின்றார்கள்.

இதுவரை சொன்னது ஆண்டான்களின் பக்கம். அந்த வார்த்தைகளைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

1773 ஏப்ரலில் பாஸ்டனில் நான்கு அடிமைகள் சட்டசபை உறுப்பினர்களுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தொடக்கத்திலேயே, தங்களை அடிமைப்படுத்தப் பார்க்கும் சக மனிதர்களின் திட்டத்தை இவ்வளவு மேன்மையாக எதிர்த்து நிற்கும் உங்களிடமிருந்து பெரிய காரியங்களை எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கேலியா, பணிவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மன்னருக்கு எதிராக வெள்ளையர்கள் தீட்டிய கத்தியையே எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டார்கள்.

பாஸ்டன் இருக்கும் அதே மாசச்சூசெட்ஸின் மேற்கு மூலையில், ஷெஃபீல்ட் என்ற கிராமத்தில், கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். 1773 ஜனவரியில் ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டில் கூடி பிரிட்டனுக்கு எதிராகத் தீர்மானம் எழுதினார்கள். மனிதர்கள் இயற்கை நிலையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்பது அதன் முதல் வரிகளில் ஒன்று. அந்தக் குழுவில் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வழக்கறிஞரும் இருந்தார். பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது.

ஒருநாள் ஆஷ்லியின் மனைவி, பெட்டோடு இருந்த இன்னொரு பெண்ணை அடிக்கச் சூடான அடுப்புக் கரண்டியை ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்ட, அடி அவர் கையில் விழுந்தது. அந்தத் தழும்பை அவர் கடைசிவரை துணி போட்டு மறைக்கவில்லை. இது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், எஜமானியம்மாவைக் கேளுங்கள் என்பாராம்.

1780இல் மாசச்சூசெட்ஸ் தனக்கென ஓர் அரசியல் சாசனத்தை ஏற்றது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் விதி சொன்னது. அடுத்த வருடம் பெட் நேராக செட்ஜ்விக்கின் கதவைத் தட்டினார். அந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும்தானே என்பதுதான் கேள்வி. தீர்மானம் எழுதிய கையால் இப்போது வழக்கும் எழுத வேண்டியதாயிற்று. 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் பெட்டும், அவரோடு சேர்ந்து வழக்காடிய பிராம் என்பவரும் ஆஷ்லியின் அடிமைகள் அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 30 ஷில்லிங் நஷ்டஈடு. கூலி தருகிறேன், திரும்பி வா என்று கர்னல் கூப்பிட்டுப் பார்த்தார், பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். இரண்டு வருடத்தில் குவாக் வாக்கர் என்பவரின் வழக்கும் அதே விதியை வைத்து வென்றது. 1790 கணக்கெடுப்பில் மாசச்சூசெட்ஸில் அடிமைகள் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

ஒரு நிமிடச் சுதந்திரம் தருகிறோம், அந்த நிமிடம் முடிந்ததும் செத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் என்று ஃப்ரீமன் சொன்னதாக செட்ஜ்விக்கின் மகள் பதிவு செய்திருக்கிறார். பேட்ரிக் ஹென்றி சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டுமே பிறர் பேனா வழியாக நமக்கு வந்தவை. ஒன்று பள்ளிப் பாடமாயிற்று.

வடக்கில் இந்த வழி மெல்லத்தான் திறந்தது. வெர்மான்ட் 1777லேயே தன் சாசனத்தில் தடை எழுதியது. பென்சில்வேனியா 1780இல் போட்ட சட்டம், அதற்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை 28 வயதில் விடுதலை ஆகும் என்றது. ஏற்கெனவே அடிமையாக இருப்பவர் அப்படியே இருக்கலாம். ஆண்டானின் நஷ்டத்தைக் குழந்தையின் இளமையிலிருந்து கழித்துக்கொடுத்த சட்டம் அது. நியூயார்க்கில் கடைசி அடிமை விடுதலையாக 1827 ஆனது.

அந்தப் பென்சில்வேனியாச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. வெளி மாநிலத்தார் அடிமையை ஆறு மாதம் அங்கே தங்கவைத்தால், அவர் விடுதலை கோரலாம். பிலடெல்பியா தலைநகராக இருந்தபோது ஜனாதிபதி வாஷிங்டனுக்கு இது தலைவலி. ஆறு மாதம் முடிவதற்குள் அடிமைகளை ஏதாவது சாக்குச் சொல்லி மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிக் கூட்டிவர ஏற்பாடு செய்தார். அவர்களுக்கும் ஊருக்கும் விஷயம் தெரியாதபடி செய்யுங்கள் என்று செயலாளருக்கு 1791இல் எழுதியிருக்கிறார். 1796 மே மாதம், குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் வீட்டைவிட்டு வெளியேறி நியூ ஹாம்ப்ஷயருக்குக் கப்பல் ஏறினார். பேத்திக்குக் கல்யாணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆள்விட்டுத் தேடிக் கண்டுபிடித்தார்கள், ஆனால் அவர் திரும்பி வரவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் ஓடிப்போன அடிமைதான். ஓடிப்போனவர்களைப் பிடித்துக் கொடுக்கும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் வாஷிங்டன்தான்.

1787இல் எழுதிய நாட்டின் அரசியல் சாசனத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அழகை அங்கே பார்க்கலாம். ‘மற்ற நபர்கள்’ ஐந்துக்கு மூன்றாக எண்ணப்படுவார்கள். ‘வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்’ தப்பினால் திருப்பித் தர வேண்டும். ‘இத்தகைய நபர்களின்’ வரவை 1808 வரை தடுக்கக்கூடாது, அதாவது வியாபாரத்துக்கு இருபது வருட வாய்தா. மனிதர்களைச் சொத்தாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைச் சாசனத்தில் ஏற்றுவது தவறு என்றார் மாடிசன். சொல்லை விட்டார்கள், பொருளை வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஐந்தில் மூன்று கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கறுப்பரை ‘ஐந்தில் மூன்று பங்கு மனிதன்’ மாதிரி மதிப்பிட்டதல்ல விஷயம். அடிமைகளை முழுதாக எண்ணச் சொன்னவர்கள் ஆண்டான்கள்தான்; எண்ணவே கூடாது என்றவர்கள் பெரும்பாலும் வடக்கு மாநிலங்களின் பிரதிநிதிகள். ஓட்டுரிமை இல்லாதவர்களின் தலையை எண்ணி ஆண்டான்களுக்குக் கூடுதல் நாடாளுமன்ற இடமும், ஜனாதிபதித் தேர்தலில் கூடுதல் வாக்கும் கொடுத்த ஏற்பாடு அது. 1789 முதல் 1825 வரையிலான 36 வருடத்தில் 32 வருடம் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்களே ஜனாதிபதிகள். 1800இல் ஜெஃபர்சன் 73க்கு 65 என்று ஜான் ஆடம்ஸை முந்தியது அந்தக் கூடுதல் வாக்குகளால்தான் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

அடிமைத்தனம் தானாகவே பட்டுப்போகும் என்று அந்தத் தலைமுறையில் பலர் நம்பினார்கள், அல்லது நம்புவதாகச் சொன்னார்கள். 1793இல் வந்த பருத்திக் கொட்டை நீக்கும் எந்திரம் அதை முடித்துவைத்தது. தெற்கே பருத்தி பொன்னாக விளைந்தது. 7 லட்சம் அடிமைகள் 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சமானார்கள். முரண்பாடு இப்போது வேறு மாதிரி தீர்க்கப்பட்டது. முந்தைய தலைமுறை தவறு என்று ஒத்துக்கொண்டே செய்தது. பிள்ளைகளால் அந்தக் குற்ற உணர்வோடு குடித்தனம் நடத்த முடியவில்லை. அடிமைத்தனம் நன்மையே என்று 1837இல் ஜான் கால்ஹூன் செனட்டில் பேசினார். பிரகடனத்தின் ‘எல்லா மனிதரும்’ கறுப்பரைக் குறிக்கவே இல்லை என்று 1857இல் தலைமை நீதிபதி டேனி தீர்ப்பெழுதினார். 1861இல், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் இன்னும் நேர்மையாக இருந்தார்: ஜெஃபர்சன் காலத்தவர்கள் இனங்கள் சமம் என்று நினைத்தது பிழை, எங்கள் அரசு அதற்கு நேரெதிரான கருத்தின் மேல் கட்டப்பட்டது என்றார். இன வெறுப்பு முன்பே இருந்ததுதான். ஆனால் அது ஒரு முழுத் தத்துவமாக வளர்ந்ததில் அந்தச் சமத்துவ வாக்கியத்துக்கும் பங்குண்டு. எல்லோரும் சமம் என்று அறிவித்த நாட்டில் சிலரை விற்க வேண்டுமென்றால், அவர்கள் மனிதரில் சேர்த்தியில்லை என்று நிரூபிக்கும் கட்டாயம் வந்துவிடுகிறது. மன்னராட்சியில் அந்தத் தொல்லை கிடையாது.

ஹாரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆப்பிரிக்காவில் காம்பியா பக்கம் பிறந்தவர். 1763இல் வாஷிங்டன் விலைக்கு வாங்கினார். வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனில் குதிரை லாயத்தில் வேலை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து ஆயுதம் எடுத்தால் விடுதலை என்று அறிவித்தார். டன்மோரும் அடிமை வைத்திருந்தவர்தான். மன்னருக்கு விசுவாசமானவர்களின் அடிமைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். கறுப்பர்களில் சுமார் 5,000 பேர் வாஷிங்டனின் படையிலும் இருந்தார்கள். ஹாரி பிரிட்டிஷார் பக்கம் போனார்.

1783 மே மாதம் போர் முடிந்து பேச்சுவார்த்தை நடந்தபோது, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று வாஷிங்டன் கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது மானக்கேடு என்று பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் மறுத்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பர்களின் பெயர்ப் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டனும் இருக்கிறார்: வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் முன்னாள் உடைமை, ஏழு வருடம் முன்பு அவரை விட்டு வந்தவர்.

கப்பல் போய்ச் சேர்ந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில். சொன்னபடி நிலம் சரியாகக் கிடைக்கவில்லை, குளிர் வேறு. 1792இல் சுமார் 1,200 பேரோடு ஹாரியும் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் ஆட்சி. நிலத்துக்கு வரி கிடையாது என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். வந்த பிறகு, குடியேறியவர்களைக் கேட்காமலே நிலவரி கேட்டார்கள். 1800 செப்டம்பரில் ஒரு பகுதியினர் தாங்களே சட்டம் எழுதி ஒட்டிவிட்டு எதிர்த்து நின்றார்கள். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய அதே வில்பர்ஃபோர்ஸ், இவர்கள் பாரிஸில் பயிற்சி எடுத்த ஜாக்கோபின்கள், அதாவது பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரவாதிகள்போல இருக்கிறார்களே என்று சலித்துக்கொண்டார். படை வந்தது, கலகம் சில நாளில் அடங்கியது. இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு ஒன்பது மாதம் முன்பு வாஷிங்டன் இறந்திருந்தார். தன் சொந்தப் பெயரில் இருந்த 123 அடிமைகளை விடுவிக்க உயிலில் எழுதிவைத்திருந்தார். அறுபதை எட்டிய ஹாரி, வரி கட்ட மறுத்துக் கலகம் செய்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, ஆற்றைக் கடந்து புல்லம் கரைக்குப் போனார்.